ஆற்றுக்கு அந்தப் பக்கம் ரேணுகா

போன வாரம், டயாலிசிஸ் வார்டு சிஸ்டர்களான உங்களில் ஒருத்தி டீ குடிக்கும்போது என்னிடம் கேட்டாள்: "மேடம், மத்த வார்டுல எல்லாம் குணமாகி வீட்டுக்குப் போறாங்க. நம்ம வார்டுல யாருமே குணமாகறதில்லையே. உங்களுக்குச் சலிப்பா இருந்ததில்லையா?"

அப்போது சிரித்து மழுப்பிவிட்டேன். ஓய்வு பெற்றவளை விருந்தாளியாகக் கூப்பிட்டிருக்கிறார்கள், நீட்டி முழக்க வேண்டாம் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்தபிறகு பதில் சொல்லாமல் வந்தது உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால் எழுதுகிறேன்.

டயாலிசிஸ் மெஷினைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. நான் பழகிய மெஷின்கள் பாதி இப்போது வார்டிலேயே இல்லை. புதியவற்றை நீங்கள் என்னைவிட நன்றாக ஓட்டுவீர்கள். ரேணுகாவைப் பற்றிச் சொல்கிறேன்.

பள்ளிப்பட்டைத் தாண்டி, ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒரு சின்ன ஊர் அவளுடையது. அவர்கள் வயல் வரப்பில் நின்று கூப்பிட்டால் ஆந்திராவில் கேட்கும். கல்யாணமாகிச் சில வருடங்களிலேயே இரண்டு சிறுநீரகமும் செயலிழந்துவிட்டன. வாரத்துக்கு மூன்று முறை திருத்தணிக்கு, எங்கள் வார்டுக்கு வந்து, நான்கு மணி நேரம் படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டால்தான் உயிர் நிற்கும். கணவன் தனசேகர் அவளை பைக்கில் உட்காரவைத்துத் தரைப்பாலத்தைத் தாண்டிப் பள்ளிப்பட்டுக்கு வந்து, அங்கே பைக்கை விட்டுவிட்டு பஸ்ஸில் கூட்டிவருவான். அவளுக்கு அவன் சொந்த அத்தை மகன். 'பாவா' என்றுதான் கூப்பிடுவாள்.

ஆரம்பத்தில் அவள் எடை மெஷினில் ஏறினாலே எங்களுக்குப் பயமாக இருக்கும். சிறுநீர் பிரியாதவர்களுக்குக் குடித்த தண்ணீர் முழுக்க உடம்பிலேயே தங்கிவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். கால் வீங்கும், பிறகு நுரையீரலில் ஏறும். ஒவ்வொரு தடவையும் அவள் அளவுக்கு மீறி ஏற்றிக்கொண்டுதான் வருவாள். ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியமும் உச்சத்தில் நிற்கும். டாக்டர் திட்டுவார். சிஸ்டர்கள் திட்டுவார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு "சரிங்க" என்பாள். அடுத்த தடவையும் அதே கதை.

ஒருநாள் எடுக்க வேண்டிய தண்ணீர் மிக அதிகம். பாதியில் பிரஷர் சரிந்து மயங்கிவிட்டாள். கால்மாட்டை உயர்த்தி, சலைன் ஏற்றி, கன்னத்தைத் தட்டிக்கொண்டே இருந்தோம். கண் திறந்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை: "பாவாகிட்ட சொல்லாதீங்க சிஸ்டர்."

அது என்னை உறுத்தியது. மயங்கி விழுந்தவள் வலிக்கிறது என்று சொல்லவில்லை, பயமாக இருக்கிறது என்று சொல்லவில்லை. வீட்டில் தெரியக் கூடாது என்கிறாள். மற்ற படுக்கைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் தலைமாட்டில் உட்கார்ந்தேன்.

"வூட்ல இன்னா குடிக்கற? திட்டமாட்டேன். சொல்லு."

"எளநி" என்றாள்.

நான் வாயைத் திறக்காமல் இருக்க நிறையக் கஷ்டப்பட்டேன். சிறுநீரகம் போனவர்களுக்கு இளநீரில் இருக்கிற பொட்டாசியம் இதயத்தையே நிறுத்திவிடும்.

"எங்க தென்னதான் சிஸ்டர். அத்த காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு வெட்டிக் குடுக்கறாங்க. ஒடம்புல சத்தே இல்லியேன்னு அழுவறாங்க. வாழப்பழம், சாத்துக்குடி, கஞ்சி, எல்லாம் அவங்களே கொண்டாந்து குடுக்கறாங்க."

"வேணாம்னு சொல்லலியா? நாங்கதான் சொல்லிக் குடுத்தோமே."

"எப்படி சொல்றது? நான் ஒரு வேலயும் செய்யறதில்ல. எழுந்தா 'வுடு, வுடு'ன்றாங்க. ஒரு சொம்பு தண்ணி மொண்டாலும் கையிலருந்து பிடுங்கிக்கறாங்க. பாவா வயல அப்படியே வுட்டுட்டு என்ன இட்டுனு அலையறாரு. அவங்க ஆசயா குடுக்கறதயும் தள்ளிட்டா, அந்த வூட்ல நான் யாரு சிஸ்டர்?"

பேச்சை மாற்றுவதற்காகத்தான், நோய் வருவதற்கு முன்னால் என்ன வேலை செய்தாய் என்று கேட்டேன்.

அவள் முகம் மாறியதை நான் அன்றுதான் பார்த்தேன். "ஆள் கூட்டுவேன்" என்றாள். வேர்க்கடலை பிடுங்க, நாற்று நட, களை எடுக்க, எந்த வயலுக்கு எத்தனை பெண்கள் வேண்டுமென்றாலும் அவளிடம்தான் வருவார்களாம். நகரி வரைக்கும் டிராக்டரில் கூட்டிப்போவாளாம். எவளுக்கு இடுப்பு வலி, எவள் கைக்குழந்தைக்காரி, யாரை யாரோடு ஒரே வரிசையில் விட்டால் சண்டை வரும், எல்லாம் அவளுக்குத் தெரியும். "நான் படுத்த அப்புறம் எல்லாம் கலைஞ்சி போச்சி. ஆளுக்கு ஒரு பக்கம் அலையறாங்க."

அடுத்த தடவை வரும்போது அவள் அத்தையையும் கூட்டிவரச் சொன்னேன். நாகம்மா வந்தார். கையில் இருந்த பையில் இரண்டு இளநீர்.

இந்த இடத்தில் நீங்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். "நீங்கதான் மருமகளைக் கொல்றீங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இளநீர் அன்றோடு நின்றிருக்கும். அந்த அம்மாளும் அன்றோடு உடைந்திருப்பார். பிறகு ரேணுகா அந்த வீட்டில் இன்னும் பெரிய பாரமாகியிருப்பாள். நான் இதயத்தைப் பற்றிச் சொன்னேன், பயமுறுத்தாமல், ஆனால் மறைக்காமல். காய்கறியை நறுக்கி நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைத்தால் அவளுக்கு நல்லது என்றேன். முட்டையின் வெள்ளைக்கரு கொடுங்கள் என்றேன். அவர் கைக்கு ஏதாவது வேலை வேண்டும் அல்லவா?

"அப்போ எளநி?"

"நீங்க குடிங்கம்மா. உங்களுக்கும் வயசாவுதில்ல."

நாகம்மா அழுதுகொண்டே சிரித்தார். அப்புறம்தான் ரேணுகாவுக்கும் வீட்டில் ஏதாவது பொறுப்பு கொடுங்கள் என்றேன்.

"சீக்காளிக்கு வேலயா? ஊரு காறித் துப்பாது?"

அதுவரை கதவோரம் நின்றுகொண்டிருந்த தனசேகர் மெதுவாகக் கேட்டான்: "சிஸ்டர், ஆள் கூட்டறதுக்குக் கை வலு வேணாம்ல? போன்லயே செய்யலாம்ல?"

அந்த யோசனை அவனுடையது. என்னுடையது என்று இத்தனை நாள் சிலர் சொல்லிக்கொண்டிருப்பதால் இங்கே எழுதிவைக்கிறேன்.

ரேணுகா வேலையை ஆரம்பித்துவிட்டாள். எங்கள் வார்டுக்குத்தான் புதிய தொல்லை வந்தது. இடது கையில் ஊசிகள் குத்தியிருக்கும், வலது கையில் போன். "அக்கா, நாளிக்கு மேல்காட்டுக்குப் போய்டுங்க. செல்விய இட்டுனு போவாத, அவளுக்கு ஜுரம்." ஒரு போனில் தமிழ், அடுத்ததில் தெலுங்கு. பக்கத்துப் படுக்கையில் எத்திராஜ் என்று ஒரு பெரியவர். ரேணுகாவின் ஊருக்கு அடுத்த ஊர்க்காரர், கரும்பு போட்டவர், மகன்கள் எல்லாம் வெளியூரில். ஊசி குத்தியதும் அவருக்குத் தூங்க வேண்டும்.

"சிஸ்டர், இது ஆஸ்பத்திரியா, கொத்தவால்சாவடியா?" என்று கத்துவார்.

"கொஞ்சம் பொறுத்துக்கோ நைனா, ஒரே ஒரு போன்" என்பாள் அவள்.

வார்டில் போன் பேசக் கூடாது என்பது விதி. பொறுப்பு டாக்டர் என்னைக் கூப்பிட்டு, நீங்களே விதியை மீறலாமா என்றார். நியாயமான கேள்விதான். அவளுடைய எடையைப் பாருங்கள் என்றேன். அந்த மாதம் முழுக்க ஒரு தடவைகூட அளவு மீறவில்லை. மற்றவர்களுக்குக் களை எடுக்க ஆள் அனுப்புகிறவள் மூச்சு வாங்கிக்கொண்டு பேச முடியாது. அதனால் அவளே தண்ணீரை அளந்து குடிக்க ஆரம்பித்திருந்தாள். டாக்டர் யோசித்தார். முதல் ஒரு மணி நேரம், குரலைத் தாழ்த்தி, என்று முடிவு செய்தோம். ரேணுகாவை மூலைப் படுக்கைக்கு மாற்றினோம். எத்திராஜ் அப்போதும் முணுமுணுத்தார். அது அவர் சுபாவம்.

பிறகு அந்த மழை வந்தது.

எங்கள் பக்கத்து ஆறு எப்படி என்று உள்ளூர்க்காரர்களுக்குத் தெரியும். வருடத்தில் பெரும்பாலும் மணல்தான். மேலே ஆந்திராவில் அணை நிரம்பித் திறந்துவிட்டால், இங்கே மழை நின்றிருந்தாலும் தரைப்பாலம் மூழ்கிவிடும். அந்தத் தடவை மழையும் நிற்கவில்லை. ரேணுகாவும் எத்திராஜும் அவர்கள் முறைக்கு வரவில்லை. மறுநாள் காலை டியூட்டிக்கு வந்ததும் ரேணுகாவுக்கு போன் செய்தேன்.

"படுத்தா மூச்சு வாங்குதா?"

"படுக்கவே இல்ல சிஸ்டர். செவத்துல சாஞ்சி உக்காந்துகினே இருந்தேன்."

"காலு கனமா இருக்கா? நடக்க முடியுதா?"

"நடக்கறேன். ஆனா... டிராக்டர்ல கயிறு கட்டி ஆத்த தாண்டிடலாம்னு பசங்க சொல்றாங்க. பாவாவும் சரின்றாரு. நீங்க சொல்லுங்க, இன்னா பண்றது?"

பாலம் தெரிகிறதா என்று கேட்டேன். ஓரக் கல் எதுவும் தெரியவில்லை என்றாள். பின்னால் பெண்கள் கத்துவது கேட்டது. நாகம்மாவின் குரலும் அதில் இருந்தது.

வழி இரண்டுதான். ஆற்றைத் தாண்டினால் சீக்கிரம் வந்துவிடலாம், வந்து சேர்ந்தால். இன்னொன்று, மண் ரோட்டில் வடக்கே போய் ஆந்திராவுக்குள் நுழைந்து, நகரி வழியாகத் திருத்தணிக்குச் சுற்றி வருவது. சேற்றில் எவ்வளவு நேரமாகும் என்று யாருக்கும் தெரியாது. அவள் மூச்சு அதுவரை தாங்க வேண்டும்.

"ரேணுகா, ஆத்துல எறங்காத. லேட்டா வந்தா நாங்க ஏதாவது பண்ணுவோம். ஆத்துல போனா எங்களால ஒண்ணும் பண்ண முடியாது. போனை தனசேகர்கிட்ட குடு." அவனிடமும் அதையே சொன்னேன். அவன் எதிர்த்துப் பேசவில்லை.

போன் மறுபடி ரேணுகா கைக்குப் போனது. "சிஸ்டர், எத்திராஜ் நைனா போன் எடுக்கல. நேத்துலருந்து எடுக்கல. அவரு வூடு ரோட்டு மேல இல்ல, உள்ள போவணும். போற வழியில அவரயும் ஏத்திக்கட்டா?"

அப்போது டாக்டர் என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். வேண்டாம் என்று தலையசைத்தார். "முதல்ல இந்தப் பொண்ணு உயிரோட வந்து சேரட்டும்."

அவர் சொன்னது தவறில்லை. சேற்றில் உள்ளே போய் ஒரு பெரியவரைத் தூக்கி வருவதென்றால் எவ்வளவு தாமதம்! நான் அவரிடம் சொன்னேன்: "டாக்டர், அவ மூச்சு வாங்காம முழு வாக்கியமா பேசறா. அவளுக்குக் கொஞ்சம் நேரம் இருக்கு. அவரைப் பத்தி நமக்கு ஒண்ணுமே தெரியல." அவர் என் கையிலிருந்து போனை வாங்கி, தானே அவளிடம் இரண்டு மூன்று கேள்விகள் கேட்டார். பதிலைக் காட்டிலும் அவள் மூச்சைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் கொடுத்து, "சரி. கூட்டிவரச் சொல்லுங்க" என்றார்.

"இட்டுனு வா. ஆனா நீ டிராக்டர வுட்டு எறங்கக் கூடாது. வேற யாராவது போகட்டும்."

"ஆங், நான் எதுக்கு எறங்கறேன்? என் ஆளுங்க இருக்காங்க."

அதன்பிறகு நடந்ததை அந்தப் பெண்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். தனசேகரும் நாகம்மாவும் கூட வர, ரேணுகா டிராக்டரில் வைக்கோல் மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு போன் போட்டிருக்கிறாள். எத்திராஜின் ஊரில் களை எடுக்க வருகிற பெண்கள் அவர் வீட்டுக்கு ஓடியிருக்கிறார்கள். அவர் துவண்டுபோய்க் கட்டிலில் கிடந்திருக்கிறார். கால்களை அசைக்க முடியவில்லை. பக்கத்தில் அவர் மனைவி விசிறிக்கொண்டிருந்தாராம். டிராக்டர் வந்து நிற்பதற்குள் கயிற்றுக் கட்டிலோடு அவரைத் தூக்கிக்கொண்டு, முழங்கால் சேற்றில் நடந்து ரோட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். மண் ரோடு முடிகிற இடத்தில் நகரிக்கார 'குட்டியானை' வண்டி ஒன்று காத்திருந்தது. வேர்க்கடலை ஏற்றுகிற வண்டி; கூட்டத்தில் ஒருத்தியின் தம்பி ஓட்டுகிறான். ரேணுகா அவனிடம் தெலுங்கில் கத்திய கத்தலில் அவன் தார்ப்பாய், தலையணை எல்லாம் போட்டுவைத்திருந்தான்.

இங்கே நாங்கள் இரண்டு மெஷினை ஒதுக்கினோம். அந்த முறைக்கு வந்திருந்த இருவரிடம் விஷயத்தைச் சொன்னதும், நாங்கள் அப்புறம் படுத்துக்கொள்கிறோம் என்று அவர்களே வராந்தாவில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டி வண்டி வந்தது. எத்திராஜின் இ.சி.ஜி.யைப் பார்த்ததும் டாக்டர், இதயம் நின்றுவிடாமல் இருக்கக் கால்சியம் ஊசி போட்டு, நேராக மெஷினுக்குக் கொண்டுபோனார். ரேணுகாவுக்கு ஆக்ஸிஜன் வைத்து அடுத்த மெஷினில் போட்டோம். அவள் உதடு நீலம் பாய்ந்திருந்தது. அந்த நிலையிலும் முகமூடியை விலக்கிவிட்டு, "வெளிய என் ஆளுங்க நனைஞ்சிகினு நிக்கறாங்க சிஸ்டர்" என்றாள்.

போய்ப் பார்த்தேன். கட்டிலோடு கூடவே வந்த நான்கைந்து பெண்கள், இடுப்புவரை சேறு, வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். உள்ளே அழைத்து டீ வாங்கிக் கொடுத்தோம். நாகம்மா மட்டும் குடிக்கவில்லை. மருமகள் ரத்தம் குழாயில் ஓடுவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றார்.

இருவரும் பிழைத்தார்கள். எத்திராஜ் சில நாட்கள் உள்நோயாளியாக இருந்தார். பேச்சு தெளிந்ததும் ரேணுகாவைக் கூப்பிட்டு, "இனிமே நீ எவ்ளோ நேரம் வேணாலும் பேசிக்கோ. கொஞ்சம் மெதுவா பேசு, அவ்ளோதான்" என்றார்.

அந்த மழைக்குப் பிறகு வார்டிலும் சில பழக்கங்கள் மாறின. இன்றும் நீங்கள் அதைத்தான் செய்கிறீர்கள், எங்கிருந்து வந்தது என்று தெரியாமல். மழைக்காலம் தொடங்கும் முன்பே யார் எந்த ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கிறார்கள் என்று கேட்டுவைக்கிறோம். அணை திறக்கிறார்கள் என்று செய்தி வந்தால் அவர்களை ஒருநாள் முன்னதாகவே வரவழைக்கிறோம். பொட்டாசியத்தைக் குறைக்கிற பவுடரை வீட்டில் வைத்திருக்கச் சொல்கிறோம். ரேணுகா பக்கத்தில் இன்னொன்று நடந்தது. எங்கள் போன் போனதும் அவளுடைய பெண்கள் டயாலிசிஸ்காரர்களோடு நிற்பதில்லை. நிறைமாதப் பெண்களை முன்கூட்டியே பள்ளிப்பட்டில் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். இன்சுலின் போடுகிறவர்களுக்கு மருந்து இருக்கிறதா என்று வீடு வீடாகக் கேட்கிறார்கள். இதையெல்லாம் செய்யுங்கள் என்று நாங்கள் யாரும் சொல்லவில்லை.

சலிப்பாக இருந்ததா என்று கேட்டாயே, தாயே! சில நாள் இருந்தது. ரேணுகாவுக்கு எல்லாம் நன்றாகவே போனது என்று எழுதினால் அது பொய். ஊசி போடும் கையில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டது. கழுத்தில் குழாய் போட்டுக்கொண்டு காய்ச்சலில் கிடந்தாள். மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பதிந்துவைத்திருக்கிறாள், இதுவரை கூப்பிடவில்லை. வரவே பிடிக்கவில்லை என்று அழுத நாட்களும் உண்டு. அந்த நாட்களில் நாங்கள் அறிவுரை சொல்லவில்லை. ஊசி குத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம்.

ஒருநாள் திடீரென்று வந்து, தன் முறையை மாற்றித் தரச் சொன்னாள். அவளுக்குத் திங்கள், புதன், வெள்ளி.

"ஏன், இன்னா ஆச்சி?"

"திங்கக்கெழம கலெக்டர் ஆபீஸ்ல மனு வாங்கறாங்க சிஸ்டர். பாலம் கேக்கணும். என்ன செவ்வாக்கெழமைக்கு மாத்தி வுடுங்க."

வார்டே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. செவ்வாய், வியாழன், சனியில் இருந்த ஒருவர் மாறிக்கொள்ளச் சம்மதித்தார். எத்தனை திங்கட்கிழமை போனாள் என்று எனக்குத் தெரியாது. தனியாகப் போகமாட்டாள், பெண்களைக் கூட்டிக்கொண்டுதான். உடம்பு முடியாத நீங்கள் ஏன் அலைகிறீர்கள் என்று ஒரு அதிகாரி கேட்டாராம். தழும்பேறிய இடது கையை மேஜைமேல் வைத்து, "இந்தக் கையோட நான் வாரத்துக்கு மூணு தபா அந்த ஆத்த தாண்டறன் சார். நீங்க ஒரு தபா வந்து பாருங்க" என்றாளாம். அவரும் வந்து பார்த்தார். அதற்குப் பிறகும் நிறைய நாள் ஆனது.

போன மாதம் என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார்கள். உயரமான பாலம். தூண்கள் ஏறிக்கொண்டிருக்கின்றன. கரையில் வெயிலில் நின்றோம். ரேணுகா முக்காடு போட்டுக்கொண்டு, நாகம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு. ஆற்றில் மணல்தான், ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. இந்தப் பாலத்துக்கு இவ்வளவு பிடிவாதம் ஏன் என்று அவளிடம் கேட்டேன். டயாலிசிஸுக்கு என்று சொல்வாள் என நினைத்தேன்.

"எங்க மாமா செத்தப்போ நல்ல மழ சிஸ்டர். சுடுகாடு அந்தாண்ட கீது. பாடைய தலைக்கு மேல தூக்கினு, கழுத்தளவு தண்ணில தாண்டினாங்க. அத்த இந்தாண்டயே நின்னுட்டாங்க. சுடுகாட்ல கடசியா மொகம்கூட பாக்கல. இனிமே எங்க ஊர்ல யாரும் அப்படிப் போவக் கூடாது. நானும் போவமாட்டேன்."

நாகம்மா ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். தூண்மேல் கம்பி கட்டிக்கொண்டிருந்த மேஸ்திரிக்கு நாங்கள் பேசியது காதில் விழுந்திருக்க வேண்டும். மேலிருந்து எட்டிப் பார்த்து, "அக்கா, இன்னும் வேல நெறைய கீது. மழைக்கு முன்ன முடியுமோ முடியாதோ" என்றான்.

ரேணுகா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"நீ நல்லா ஸ்ட்ராங்கா கட்டு. அதுவரைக்கும் நான் எங்கயும் போவமாட்டேன்."